வீட்டுக்குள் வந்த சீட்டுக்கட்டு

ஒரு பொருளின் நன்மையும் தீமையும் அதனைக் கையாளும் மனத்தைப் பொறுத்தவை என்று பள்ளி மேடைகளில் நான் பலமுறை பேசியிருக்கிறேன். கத்தியைச் சான்று காட்டிப் பேசியிருக்கிறேன். நெருப்பைச் சான்று காட்டிப் பேசியிருக்கிறேன். மாணவர்களும் கைதட்டியிருக்கிறார்கள். ஆயினும், ஒரே ஒரு பொருளைப் பொறுத்தவரையில் அவ்வுண்மையை என் நெஞ்சம் முழுமையாக ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அப்பொருள் வேறொன்றுமில்லை, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சீட்டுக்கட்டுதான்.

சீட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் வீடுகளில் பெரியவர்களின் முகம் சுருங்குவதைக் காணலாம். அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 94ஆம் அதிகாரத்தைச் சூதுக்கென்றே ஒதுக்கினார். அதற்கு முன்னுள்ள அதிகாரம் கள்ளுண்ணாமை. அடுத்து வருவது மருந்து. கள், சூது, மருந்து என்னும் அவ்வரிசையின் பொருளை விளக்க, தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உரையாசிரியர் எவரும் தேவையில்லை. சூதில் கிட்டும் வெற்றியையுங்கூட மீன் விழுங்கிய தூண்டில் முள்ளாகவே கண்டவர் வள்ளுவர். தருமர் பகடையில் நாட்டை இழந்த கதையைக் கோயில் திடலில் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். ஆகவே, விளையாட்டு என்னும் பெயரில் சீட்டு வீட்டுக்குள் நுழைவதை நாம் அஞ்சியது இயல்பே.

என் அச்சமோ ஏட்டிலிருந்து வந்ததன்று. என் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது.

நான் பிறந்தது பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரக்காட்டுக்குள் நுழைந்துவிடுவார். அவருடைய கைத்திறனைத் தோட்டமே மெச்சும். அவர் வெட்டினால் மரத்துக்கு வலிக்காது என்று மண்டோர் சொல்வாராம். அந்தக் கைகளுக்கு இன்னொரு திறமையும் இருந்தது. சம்பளம் போட்ட அன்று மாலை, லயத்துக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தடியில் சாக்கு விரிப்பார்கள். காஸ் விளக்கு எரியும். மூன்று சீட்டு ஆட்டம் தொடங்கும். சீட்டைக் கலைத்துப் போடுவதில் அப்பாவுக்கு நிகர் எவருமில்லை. ஆனால், கலைக்கும் திறம் வேறு. வெல்லும் திறம் வேறு.

1977ஆம் ஆண்டு எனக்கு ஒன்பது வயது. தீபாவளிக்கு நான்கு நாள்கள் இருந்தன. தோட்டத்தில் தீபாவளி முன்பணமாக அப்பாவுக்கு 60 வெள்ளி கொடுத்திருந்தார்கள். எனக்கும் தங்கைக்கும் புதுத்துணி, அம்மாவுக்கு ஒரு கைத்தறிச் சேலை, பலகாரத்துக்கு எண்ணெய், சீனி என்று அந்தப் பணத்துக்கு அம்மா ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்தார். அன்றிரவு அப்பா வீடு திரும்பவில்லை. விடிந்த பிறகே வந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய சட்டைப்பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தார், அடுப்பில் வைத்தார். ராசாக்களும் ராணிகளும் ஒருவர்பின் ஒருவராகச் சுருண்டு கருகியதை நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வாண்டு எங்கள் வீட்டு அடுப்பு பலகாரம் காணவில்லை.

அதன்பின் அப்பா சீட்டைத் தொடவேயில்லை. அம்மாவும் அதைப்பற்றிப் பேசவேயில்லை. பேசாமை என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை வளர்ந்த பிறகே உணர்ந்தேன்.

1980களின் இறுதியில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தேன். விளையாட்டின்வழிக் கற்றல் என்பதைப் பற்றி விரிவுரையாளர்கள் நிரம்பச் சொல்லித் தந்தனர். இரவெல்லாம் விழித்திருந்து அட்டைகளை வெட்டி, எண்களும் எழுத்துகளும் படங்களும் வரைந்து, நூற்றுக்கணக்கான மின்னட்டைகளைச் செய்தேன். அவற்றைக் கலைத்தும் அடுக்கியும் மாணவர்களுக்குப் பங்கிட்டும் பாடம் நடத்தினேன். அதுவும் ஒருவகைச் சீட்டாட்டமே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

1998ஆம் ஆண்டு. சிறியதொரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுடைய புத்தகப்பையில் சீட்டுக்கட்டு இருப்பதாகத் தகவல் வந்தது. எடுத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் தேய்ந்து மடங்கிய பழைய கட்டு. இஸ்பேடு நான்கு தொலைந்துபோயிருக்க வேண்டும். அதற்கு ஈடாகச் சவர்க்கார அட்டையை அளவாக வெட்டி, பேனாவால் நான்கு என்று எழுதி வைத்திருந்தார்கள். மறுநாள் சபைக்கூடலில் அம்மாணவனை முன்னால் நிறுத்தினேன். சூதின் தீமையைப் பற்றிக் கால்மணி நேரம் முழங்கினேன். முடிவில் அந்தச் சீட்டுகளை எல்லாரும் காணக் கிழித்துப் போட்டேன். சவர்க்கார அட்டை மட்டும் எளிதில் கிழியவில்லை. இரண்டு முறை முயன்றே கிழித்தேன். பையன் அழவில்லை. அந்த அட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அன்று பள்ளி முடிந்த வேளையில் ஒரு மூதாட்டி என்னைத் தேடி வந்தார். அவனுடைய பாட்டி.

"வாத்தியாரே, அந்தக் கட்டு என்னோடது. பேரனை ஏன் நிக்க வச்சீங்க?" என்றார்.

நான் விறைப்பாகவே, "பணம் வைத்தா ஆடுகிறீர்கள், பாட்டி?" என்று கேட்டேன்.

"பணமா? பணம் இருந்தா கோழி வாங்கிப் பிள்ளைக்கு ஆக்கிப் போட மாட்டேனா? சீட்டையா தூக்கிக்கிட்டு உக்காருவேன்?"

பிறகு அவர் சொன்னவை என் விறைப்பைக் கரைத்தன. பையனின் தாய் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். தந்தை வீட்டோடு இல்லை. பொழுது சாய்ந்தால் பையன் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பையன்களோடு சேர்ந்துகொண்டிருந்தான். அவனை வீட்டில் இருத்துவதற்குப் பாட்டியிடம் தொலைக்காட்சியும் இல்லை. கதைப் புத்தகம் படித்துக் காட்ட எழுத்தும் தெரியாது. யாரோ விட்டுச்சென்ற சீட்டுக்கட்டொன்று இருந்தது. சிறுவயதில் தாம் ஆடிய கழுதை ஆட்டத்தை அவர் பேரனுக்குக் கற்றுக் கொடுத்தார். சீட்டிலுள்ள எண்களைப் பேரன் பாட்டிக்குக் கற்றுக் கொடுத்தான். "முன்னே சீட்டுல உள்ள பூவை எண்ணித்தான் ஆடுவேன். இப்ப நம்பரு தெரியும். பஸ்ஸு நம்பரு பாத்து நானே ஏறுறேன்," என்றார். அவர் குரலில் இருந்தது பெருமை. அந்தப் பெருமையைத்தான் நான் காலையில் கிழித்துப் போட்டிருந்தேன்.

அந்த வார இறுதியில் பட்டணத்துக் கடையொன்றில் புதிய சீட்டுக்கட்டு வாங்கினேன். வாழ்நாளில் முதன்முறையாக வாங்கியதால், தெரிந்தவர் எவரேனும் பார்த்துவிடுவரோ என்று கள்வனைப்போல் சுற்றுமுற்றும் பார்த்தேன். செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பையன் வாங்கிக்கொண்டான், சிரிக்கவில்லை. பாட்டிதான், "வந்ததுக்கு ஒரு கை ஆடிட்டுப் போங்க வாத்தியாரே," என்று பாய் விரித்தார். அரைமணி நேரத்தில் நான் கழுதையானேன். அப்போதுதான் பையன் சிரித்தான்.

கழுதை ஆட்டத்தை அறியாதவர்களுக்காக அதன் முறையை இங்குச் சொல்லிவிடுகிறேன். 52 சீட்டுகளையும் எல்லாருக்கும் பங்கிட வேண்டும். இஸ்பேடு ஆஸ் வைத்திருப்பவர் அதனை முதலில் இறக்குவார். மற்றவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே இனத்துச் சீட்டை இறக்க வேண்டும். எல்லாரும் அதே இனத்தைப் போட்டுவிட்டால், அந்தச் சீட்டுகள் ஆட்டத்தைவிட்டு ஒதுக்கப்படும். பெரிய சீட்டைப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஒருவரிடம் அந்த இனம் இல்லையென்றால் வேறு இனத்துச் சீட்டால் வெட்டுவார். வெட்டு விழுந்ததும் அச்சுற்று அங்கேயே நின்றுவிடும். இறக்கிய இனத்தில் எவருடைய சீட்டு பெரியதோ அவர் அக்குவியலை அள்ளிக்கொள்ள வேண்டும். சீட்டு தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் தப்பித்துச் செல்ல, கடைசியில் கையில் சீட்டோடு எஞ்சுபவரே கழுதை. ஏழு வயதுக் குழந்தையும் ஆடலாம். எழுபது வயதுப் பெரியவரும் ஆடலாம். எவரிடம் எந்த இனம் தீர்ந்தது என்பதை நினைவில் வைத்திருப்பவரே பிழைப்பார். கவனம், நினைவாற்றல், முன்னுணர்வு ஆகிய மூன்றையும் பிரம்பின்றிக் கற்பிக்கும் ஆசிரியர் இந்தக் கழுதை.

அன்றுமுதல் சீட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சீட்டு சீனத்தில் தோன்றியது என்பது அறிஞர் பெரும்பாலோர் கருத்து. அது மேற்றிசை நாடுகளின் வழியாக 1370களில் ஐரோப்பாவை அடைந்துவிட்டது. இன்று நாம் காணும் இஸ்பேடு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு இனங்களின் வடிவம் 15ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருப்பெற்றது. இந்தியாவில் கஞ்சிஃபா என்னும் வட்டச் சீட்டுகள் மொகலாயர் காலத்தில் வழங்கின. மன்னர் பாபர் 1527இல் சிந்துப் பகுதியின் ஆட்சியாளருக்கு அவற்றை அனுப்பிய செய்தி அவருடைய நினைவுக் குறிப்புகளில் உள்ளது. நம் குழந்தைகள் இன்று விரும்பி ஆடும் ஊனோ ஆட்டமும் ஒரு வீட்டு மேசையிலிருந்து பிறந்ததே. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தைச் சேர்ந்த முடிதிருத்துநர் ஒருவர் 1971இல் தம் குடும்பத்தோடு ஆடுவதற்காக அதனை உருவாக்கினார்.

சீட்டுக்கட்டில் கணக்காசிரியர் மகிழத்தக்க பொருத்தம் ஒன்றும் உண்டு. இனங்கள் நான்கு, ஆண்டின் பருவங்களும் நான்கு என்பர். சீட்டுகள் 52, ஆண்டின் வாரங்களும் 52. ஆஸை 1 எனவும் ஜாக்கியை 11 எனவும் ராணியை 12 எனவும் ராசாவை 13 எனவும் கொண்டு ஓர் இனத்தைக் கூட்டினால் 91 வரும். நான்கு இனங்களுக்கு 364. ஜோக்கரை ஒன்றாகச் சேர்த்தால் 365. இது தற்செயலாக அமைந்த பொருத்தம் என்றாலும், நான்காம் ஆண்டு மாணவர்களிடம் இக்கணக்கைக் கொடுத்தால் பெருக்கல் வாய்பாடு வேண்டாமென்று ஓடும் பிள்ளையும் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

இனி, சிறு குழந்தைகளோடு குடும்பமாக உட்கார்ந்து ஆடத்தக்க சில எளிய ஆட்டங்களைச் சொல்கிறேன். எண் அறியத் தொடங்கிய ஐந்து வயதுக் குழந்தைக்கு நினைவு ஆட்டம் ஏற்றது. ஆர்ட்டினிலும் டைமனிலும் 1 முதல் 10 வரையுள்ள 20 சீட்டுகளை மட்டும் எடுத்து, கலைத்து, வரிசைக்கு ஐந்தாக நான்கு வரிசை கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருவர் இரண்டு சீட்டுகளைத் திருப்புவார். ஒரே எண்ணாயின் எடுத்துக்கொள்வார். இல்லையெனில் இருந்த இடத்திலேயே கவிழ்த்துவிடுவார். பெரியவர்கள் விட்டுக்கொடுக்கத் தேவையில்லாத ஆட்டம் இது. உள்ளத்தில் ஆயிரம் கவலைகள் இல்லாத குழந்தை, எந்த இடத்தில் எந்தச் சீட்டு இருந்தது என்பதை நம்மைவிடத் தெளிவாக நினைவில் வைத்திருக்கும். அப்பாவைத் தோற்கடித்த மகிழ்ச்சியில் அது அன்றிரவு சோற்றையும் மறுக்காமல் உண்ணும்.

அதற்கு அடுத்த நிலை, மீன்பிடி ஆட்டம். மூவர் வரை இருந்தால் ஆளுக்கு ஏழு சீட்டு. அதற்கு மேற்பட்டோர் இருந்தால் ஆளுக்கு ஐந்து. எஞ்சியவை நடுவில் கவிழ்ந்திருக்கும், அதுவே குளம். "அத்தை, உங்களிடம் ஏழு இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். இருந்தால் அத்தை கொடுத்துவிட வேண்டும், இல்லையெனில், "போய் மீன் பிடி!" என்பார். கேட்டவர் குளத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வார். ஒரே எண்ணில் நான்கு சேர்ந்தால் ஒரு கூட்டம். கூட்டம் மிகுதியாகச் சேர்த்தவர் வென்றவர். இவ்வாட்டத்தின் சிறப்பு, பேச வேண்டும் என்பதுதான். வகுப்பில் வாய் திறவாத கூச்சமுள்ள குழந்தை, கேள்வியை முழு வாக்கியமாகக் கேட்கப் பழகிக்கொள்கிறது. உறவுமுறை சொல்லி அழைக்கவும் பழகிக்கொள்கிறது.

ஒற்றை ராணி என்பது இன்னோர் ஆட்டம். கட்டிலிருந்து ஒரு ராணியை எடுத்து ஒளித்துவிட்டு, மற்ற 51 சீட்டுகளையும் பங்கிட வேண்டும். இரண்டிரண்டாகச் சேர்ந்தவற்றை எல்லாரும் கீழே போட்டுவிட்டு, பக்கத்திலிருப்பவர் கையிலிருந்து பாராமல் ஒரு சீட்டை உருவ வேண்டும். கடைசியில் இணையில்லாத ராணி எவர் கையில் எஞ்சுகிறதோ அவர் தோற்றவர். ஆங்கிலத்தில் இதற்கு மணமாகாத முதிய பெண்ணை எள்ளும் ஒரு பெயர் உண்டு. எங்கள் குடும்பத்தில் மணம் செய்துகொள்ளாமலே எங்களை வளர்த்து ஆளாக்கிய சின்னத்தை ஒருவர் இருந்தார். ஆகவே அப்பெயரை நான் குழந்தைகளுக்குச் சொல்லித் தரவில்லை. விளையாட்டிலும் ஒருவர் மனம் நோகக்கூடாது என்பது முதற்பாடம்.

கூட்டல் பழக, பத்தாக்கும் ஆட்டம் நன்று. 1 முதல் 9 வரையுள்ள 36 சீட்டுகளில் 12ஐ விரித்து வைக்க வேண்டும். கூட்டினால் பத்து வரும் இரண்டு சீட்டுகளை முதலில் கண்டு சொல்பவர் அவற்றை எடுத்துக்கொள்ள, வெற்றிடத்தைப் புதுச்சீட்டால் நிரப்ப வேண்டும். இணை தென்படாவிடில் மேலும் இரண்டைப் பரப்பலாம். பிழையின்றி ஆடினால் முடிவில் ஒரு சீட்டும் எஞ்சாது. எஞ்சினால் எங்கோ எவரோ தவறாகக் கூட்டிவிட்டார் என்று பொருள். தன் விடையைத் தானே திருத்திக்கொள்ளும் பயிற்றியாக இதைவிட எளிய ஒன்றை நான் கண்டதில்லை. சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு ஏழாம் சீட்டு ஆட்டம் பொருந்தும். ஆர்ட்டின் ஏழு வைத்திருப்பவர் அதனை நடுவில் வைக்க, அதன் மேலே எட்டு, ஒன்பது என்றும் கீழே ஆறு, ஐந்து என்றும் அடுக்கிக்கொண்டே போவார்கள். மற்ற இனங்களும் ஏழிலிருந்தே தொடங்கும். வைக்க இயலாதவர் தம் முறையை விட்டுவிடுவார். கையிலுள்ளவற்றை முதலில் தீர்த்தவர் வென்றவர். பிறருக்கு வழிவிடுவதா, தடுத்து வைப்பதா என்னும் சிந்தனை இதில் பிறக்கும்.

பொய் சொல்லி ஆடும் ஆட்டமும் ஒன்றுண்டு. சீட்டைக் கவிழ்த்து வைத்து, "மூன்று ராணி" என்று துணிந்து சொல்ல வேண்டும். ஐயுற்றவர் திருப்பிப் பார்க்கலாம். இதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா என்று நெடுநாள் தயங்கினேன். ஒருமுறை ஆடிப் பார்த்ததில் தெளிவு கிடைத்தது. என் மகன் பொய் சொல்லும்போது அவன் காது மடல் சிவப்பதை அன்றுதான் கண்டுபிடித்தேன். பிற்பாடு அவனுடைய வீட்டுப்பாட விவகாரங்களில் அந்த அறிவு எனக்குப் பெரிதும் பயன்பட்டது.

வகுப்பறையிலும் சீட்டைத் தமிழாக்கினேன். பழைய நாட்காட்டி அட்டைகளை வெட்டி, உயிரெழுத்து 12க்கும் மெய்யெழுத்து 18க்கும் ஒவ்வொன்றாக 30 சீட்டுகள் செய்தேன். உயிர் ஒரு குவியல்; மெய் ஒரு குவியல். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்து, பிறக்கும் உயிர்மெய்யைச் சொல்லி, அவ்வெழுத்து வரும் சொல் ஒன்றையும் சொல்ல வேண்டும். முப்பது சீட்டுக்குள் 216 எழுத்துகளும் அடங்கிவிடுகின்றன. டகரம் வந்தால் பிள்ளைகள் சொல்லின் இடையில் தேடுவார்கள். அவ்வெழுத்து தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாராது என்னும் விதியை நான் சொல்லாமலே கண்டுகொள்வார்கள். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என்னும் இன எழுத்துகள் ஆறு இணை. அவை நினைவு ஆட்டத்துக்கென்றே அமைந்தவை போல் உள்ளன. ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஐந்திணைச் சீட்டு செய்தேன். திணைக்கு நிலம், தெய்வம், மக்கள், பறவை என நான்காக மொத்தம் 20 சீட்டுகள். "உன்னிடம் குறிஞ்சியின் மயில் இருக்கிறதா?" என்று கேட்டுக் கூட்டம் சேர்ப்பார்கள். செம்பனைக் காட்டுக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளியில், கொற்றவையும் எயினரும் பாய் விரித்து அமர்ந்திருந்த காட்சி இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இத்தனையும் செய்தேன், எனினும் என் வீட்டுக்குள் சீட்டுக்கட்டைக் கொண்டு செல்லவில்லை. 2009இல் அம்மா மறையும் வரையில் அதனைப் பள்ளி அலமாரியிலேயே பூட்டி வைத்திருந்தேன். மறைந்த பிறகும் கொண்டு செல்ல மனம் துணியவில்லை. என்னோடு வாழ்ந்த அப்பாவின் முன் அதனை எப்படி எடுத்து வைப்பேன்?

18 மார்ச் 2020 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பள்ளி அலமாரியிலிருந்த என் பொருள்களெல்லாம் ஒரு பெட்டியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. வீட்டில் நாங்கள் ஐவர். முதல் வாரம் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு கைப்பேசி. ஒரே கூரையின்கீழ் ஐந்து வீடுகள் இருந்தன என்றே சொல்ல வேண்டும். 81 வயதான அப்பா மட்டும் கையில் ஒன்றுமின்றிச் சன்னலோரம் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் மாலை, பெட்டியைக் குடைந்த என் மகள் சீட்டுக்கட்டைக் கண்டெடுத்தாள். "தாத்தா, உங்களுக்குச் சீட்டு ஆடத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் மடியில் வைத்துவிட்டாள்.

அப்பா சீட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

என்னைப் பெற்று வளர்த்தவர் என்னிடம் இசைவு கேட்டு நின்ற அந்தக் கணத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. "ஆடுங்கள் அப்பா," என்றேன். நடுங்கிக்கொண்டிருந்த விரல்கள் கட்டைத் தொட்டதும் நிலைபெற்றன. 43 ஆண்டுகளுக்குப் பிறகும் அவை கலைக்கும் வித்தையை மறக்கவில்லை. பிள்ளைகள் வாய்பிளந்து பார்த்தார்கள்.

வெற்றி தோல்விகளைக் கணக்கு வைப்பதற்காக என் மகன் அடுக்களையிலிருந்து புளியங்கொட்டைகளை அள்ளி வந்தான். ஆளுக்குப் பத்து, தோற்றவர் வென்றவருக்குக் கொடுக்க வேண்டும் என்றான். அப்பா சீட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எதையும் வச்சு ஆடக்கூடாது, தம்பி. புளியங்கொட்டையா இருந்தாலும் வைக்கக்கூடாது. வச்சுட்டா, மனசு ஆட்டத்துல நிக்காது. அந்தக் கொட்டை மேலதான் நிக்கும்."

நம் நாட்டின் 1953ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டம், பணமோ பணமதிப்புள்ள பொருளோ வைத்து ஆடுவதையே சூது என்கிறது. அப்பாவின் சட்டம் அதனினும் கடுமையானது. இழந்து கற்றவரின் சட்டம் அப்படித்தான் இருக்கும்.

அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும் கழுதை ஆட்டம் நடந்தது. ஒருநாள் நான் அப்பாவை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் அவர் கையிலிருந்த சீட்டுகள் எனக்குத் தெரிந்தன. ஆட்டம் முடியும் தறுவாய். பேத்தி கிளாவர் ஒன்பதை இறக்கினாள். அடுத்து அப்பா; அவரிடம் கிளாவர் மூன்றும் இருந்தது, ராசாவும் இருந்தது. அவருக்கு அடுத்திருந்த பேரனிடம் கிளாவர் இல்லை என்பது அதற்கு முந்தைய சுற்றிலேயே வெளிப்பட்டிருந்தது. மூன்றைப் போட்டிருந்தால் பேத்தி குவியலை அள்ளியிருப்பாள்; அவர் தப்பியிருப்பார். அப்பா ராசாவை இறக்கினார். பேரன் ஆரவாரத்தோடு வெட்டினான். குவியல் தாத்தாவுக்குப் போயிற்று. "தாத்தாதான் கழுதை!" என்று பிள்ளைகள் குதித்தார்கள். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். அவர் தோற்றுச் சிரித்ததை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அன்றிரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு, சீட்டுகளை இனம் இனமாக அடுக்கிக்கொண்டிருந்த அப்பா, தலை நிமிராமலே, "அறுபது வெள்ளி," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

"போகட்டும் அப்பா," என்றேன். நானும் வேறொன்றும் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் இடையில் 43 ஆண்டுகளாகக் கிடந்த கணக்கு அத்துடன் தீர்ந்தது.

அந்நாள்களில் திறன்பேசியில்லாத மாணவர் சிலர் என் பள்ளியில் இருந்தனர். இயங்கலை வகுப்பு அவர்களை எட்டவில்லை. பெற்றோர்கள் பள்ளி வாயிலுக்கு வந்து இடுபணித் தாள்களை வாங்கிச் செல்ல ஏற்பாடு செய்தபோது, அத்தாள்களோடு நான் வெட்டிய எழுத்துச் சீட்டுகளையும் எண் சீட்டுகளையும் ஒவ்வோர் உறையிலும் வைத்தேன். ஆடும் முறையை ஒரு தாளில் எழுதி, கீழே அப்பாவின் சட்டத்தையும் சேர்த்தேன்: எதையும் வைத்து ஆடக்கூடாது. பள்ளி மீண்டும் திறந்தபோது சில உறைகள் அழுக்கேறித் திரும்பி வந்தன. அழுக்கைக் கண்டு அவ்வளவு மகிழ்ந்த தலைமையாசிரியர் வேறெவரும் இருந்திருக்க மாட்டார்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. நாளுக்கு அரைமணி நேரம் பாய் விரித்து உட்காருங்கள். கைப்பேசிகளை ஒரு தட்டில் வைத்துவிடுங்கள். வயதில் இளையவர் முதலில் ஆடட்டும். தோற்றவரை எள்ளாதீர்கள், வென்ற குழந்தைக்குப் பரிசு அறிவிக்காதீர்கள். பாட்டியோ தாத்தாவோ இருந்தால் சீட்டைக் கலைக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். வீட்டில் நான்கு பேரோடு உட்கார்ந்து தோற்கப் பழகிய பிள்ளையை, வெளியில் விரிக்கப்படும் சாக்கு எளிதில் ஈர்க்காது என்பது என் துணிபு.

அப்பா 2022இல் மறைந்தார். சீட்டுக்கட்டு இப்போது எங்கள் வரவேற்பறையில், அம்மாவின் படத்துக்குக் கீழுள்ள இழுப்பறையில் இருக்கிறது. அதில் கிளாவர் ராசா சற்று மடங்கியிருக்கிறது. புதுக்கட்டு வாங்கலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். நான்தான் இன்னும் வாங்கவில்லை.